கடிதத்தில் இருந்தது, கணினியில் இல்லை

அவர் ஓய்வுபெற்ற தச்சர். லண்டனின் வடமேற்கு ஓரத்தில் நான் வேலை பார்க்கும் ஜிபி (குடும்ப மருத்துவர்) சர்ஜரிக்குப் பல வருடங்களாக வருபவர். (ஆளை யாரும் கண்டுகொள்ள முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) முழங்கால் வலி தாங்கவில்லை என்று ஒரு திங்கட்கிழமை வந்திருக்கிறார். நான் அன்று விடுப்பு. மாற்று ஆளாக வந்த மருத்துவர் திரையைப் பார்த்தார். இரத்த அழுத்தம், கொழுப்பு, மூட்டுத் தேய்மானம். மாத்திரைகள் ராமிப்ரில், பிசோப்ரோலால், அட்டோர்வாஸ்டாட்டின். இந்த வயதில் பாதிப் பேருக்கு இதே பட்டியல்தான். இரண்டு வாரத்துக்கு நாப்ராக்ஸன் எழுதினார். ராமிப்ரிலோடு சேர்த்தால் சிறுநீரகத்தைக் கவனியுங்கள் என்ற வழக்கமான எச்சரிக்கை வந்திருக்கும். ஒரு நாளைக்கு எத்தனையோ முறை வருவது அது. வர வேண்டிய வேறொரு எச்சரிக்கை வரவில்லை.

ஒன்பதாம் நாள் இரவு அவரால் படுக்க முடியவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார் என்று மனைவி பிறகு சொன்னார். ஆம்புலன்ஸ் வந்து, மருத்துவமனையில் சேர்த்து, நரம்பில் ஃபியூரோசமைடு ஏற்றி நுரையீரலில் கோத்த நீரை வடித்தார்கள். பிழைத்துவிட்டார்.

நாப்ராக்ஸன் போன்ற வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும். இதயத்தின் பம்பிங் நன்றாக இருப்பவர் அதைத் தாங்கிக்கொள்வார். இவருடைய பம்பிங் நன்றாக இல்லை. அது மூன்று வருடங்களுக்கு முன்பே தெரியும். தெரிந்தும், தெரிய வேண்டிய இடத்தில் தெரியவில்லை.

டிஸ்சார்ஜ் கடிதம் வந்த அன்று மாலை அவருடைய ரெக்கார்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். மூன்று வருடத்துக்கு முந்தைய இதயநோய்க் கிளினிக் கடிதம் ஒன்று ஸ்கேன் செய்யப்பட்டு இருந்தது. இரண்டு பக்கம். இரண்டாம் பக்கத்தில், மருந்தளவு பற்றிய பத்திக்கும் அடுத்த சந்திப்பு பற்றிய பத்திக்கும் நடுவில், ஒரு வரி: எக்கோவில் இடது கீழறையின் சுருங்குதிறன் நன்றாகக் குறைந்திருக்கிறது, எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் 30 சதவீதம். எங்கள் கணினியில் அந்தக் கடிதத்துக்கு எதிரே போட்டிருந்த கோட் ஒன்றே ஒன்று. ‘எக்கோ கார்டியோகிராம்.’ பரிசோதனை நடந்தது என்று அர்த்தம். என்ன தெரிந்தது என்று அதில் இல்லை. ‘பார்த்தேன், மேற்கொண்டு எதுவும் தேவையில்லை’ என்று அந்தக் கடிதத்தை முடித்து வைத்தவரின் பெயர் என்னுடையது.

இந்தப் பதிவை எழுதக் காரணம் அதுதான். மருத்துவக் கோட் பற்றி ஒரு நீண்ட பதிவா என்று நினைக்கலாம். அந்த இரவு அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது ஒரு கோட் இல்லாததால்தான். அதற்குப் பிறகு இந்த விஷயத்தை எழுத்தர் வேலை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

வெளியாட்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். மதுரையில் நான் படித்த காலத்தில் நோயாளியின் ரெக்கார்டு நோயாளியின் கையில் இருந்தது. மஞ்சள் பை, அதற்குள் எக்ஸ்ரே, சீட்டு, எக்கோ ரிப்போர்ட். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பையைக் கவிழ்ப்பார்கள். இங்கிலாந்தில் அந்தப் பை ஜிபியிடம் இருக்கிறது. 1911ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தோடு வந்த சிறிய காகித உறைகளுக்கு லாய்டு ஜார்ஜ் உறை என்றே பெயர். பல பத்தாண்டுகள் அதற்குள்தான் ஒவ்வொருவரின் வாழ்க்கையும் மடித்து வைக்கப்பட்டது. பிறகு கணினி வந்தது. மருத்துவமனை, கிளினிக், ஆய்வகம் எல்லாம் ஜிபிக்கு எழுதும். ஜிபியின் கணினிதான் அந்த ஆளின் முழுக் கதையையும் வைத்திருக்கும் இடம்.

அந்தக் கணினி கடிதத்தைப் படிக்காது. நான் டைப் செய்யும் வாக்கியங்களையும் அது பொருட்படுத்தாது. அதற்குப் புரிவது கோட் மட்டும். வலி மாத்திரை எழுதும்போது எச்சரிக்க, ஃப்ளூ ஊசிக்கு அழைக்க வேண்டியவர்களைப் பட்டியலிட, வருடாந்தரப் பரிசோதனைக்குக் கடிதம் அனுப்ப, இரவில் அவசரப் பிரிவு மருத்துவர் திறக்கும் சுருக்கத்தில் ஒரு வரி காட்ட, எல்லாவற்றுக்கும் கோட் வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது பேரைப் பார்க்கும் மருத்துவர் பத்து நிமிடத்தில் பழைய கடிதங்களைத் திறந்து படிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. நானும் படிப்பதில்லை. சுருக்கத்தை நம்புகிறேன். என்னை மாதிரியே அன்று வந்த மாற்று மருத்துவரும் நம்பினார்.

இந்தக் கோட்களைத் தொடங்கியவரும் ஒரு ஜிபிதான். லஃபரோவில் இருந்த ஜேம்ஸ் ரீட். 1980களின் தொடக்கத்தில், கணினியின் நினைவகம் மிகச் சிறியதாக இருந்தபோது, ஒவ்வொரு நோய்க்கும் நாலைந்து எழுத்தில் ஒரு அடையாளம் கொடுத்தார். இதயச் செயலிழப்புக்கு ஜி58. முதலெழுத்து ஜி என்றால் இதய, இரத்த ஓட்ட நோய்கள். ஒவ்வொரு எழுத்தும் ஒரு படி கீழே இறங்கும். எளிய, அழகான ஏற்பாடு. ஆனால் எழுத்துகள் தீர்ந்ததும் படிகளும் தீர்ந்துவிடும். 2002இல் ரீட் கோட்களின் மூன்றாம் பதிப்பையும் அமெரிக்க நோயியல் மருத்துவர்களின் ஸ்நோமெட்டையும் இணைத்து ஸ்நோமெட் சிடி வந்தது. இங்கிலாந்தின் ஜிபி சர்ஜரிகள் 2018இல்தான் அதற்கு மாறத் தொடங்கின. இப்போது இதயச் செயலிழப்பு என்பது 84114007. நாங்கள் யாரும் எண்ணைப் பார்ப்பதில்லை. தேடுபெட்டியில் நான்கு எழுத்து தட்டினால் நீளமான பட்டியல் விழும், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்போம். அவசரத்தில் முதலில் இருப்பதை.

பிழை அங்கேதான் தொடங்குகிறது.

இதயச் செயலிழப்பு ஒற்றை நோயல்ல. இதயத்தால் உடம்புக்குத் தேவையான அளவு இரத்தத்தைத் தள்ள முடியாமல், அல்லது தள்ளினாலும் உள்ளே அழுத்தம் ஏறி, மூச்சு வாங்குவது, கால் வீங்குவது, களைத்துப்போவது என்று ஓர் ஆள் படும் நிலைமைக்குப் பெயர் அது. எக்கோவில் அளக்கும் எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷனைத்தான் நம் ஊரில் ‘பம்பிங் எத்தனை பர்சென்ட்’ என்று கேட்கிறோம். 40 அல்லது அதற்குக் கீழே என்றால் பம்பிங் குறைந்த வகை. 50 அல்லது அதற்கு மேல் என்றால் பம்பிங் காக்கப்பட்ட வகை. அங்கே தசை சுருங்குகிறது, ஆனால் விறைத்துப்போய் சரியாக விரிவதில்லை. இடையில் 41இலிருந்து 49 வரை ஒரு நடுவகை. மூன்றுக்கும் ஸ்நோமெட்டில் தனித்தனிக் கோட் உண்டு. மூன்றும் ‘இதயச் செயலிழப்பு’ என்ற பொதுக் கோட்டின் கீழே கிளைகளாக இருக்கின்றன.

நடைமுறையில் என்ன நடக்கிறது? பொதுக் கோட்டைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மேலோட்டமாகத் தவறில்லை, அது உண்மைதான். ஆனால் மருந்து வகையைப் பார்த்துத்தான் போகிறது. பம்பிங் குறைந்தவருக்கு உயிர் காக்கும் மருந்துகள் ஒவ்வொன்றாக வந்த கதை முப்பது வருடத்துக்கு மேலான கதை. 1987இல் கன்சென்சஸ் ஆய்வில் எனாலாப்ரில். 1999இல் ரேல்ஸ் ஆய்வில் ஸ்பைரோனோலாக்டோன், அதே ஆண்டில் பீட்டா பிளாக்கர்களுக்கான பெரிய ஆய்வுகள். 2014இல் எனாலாப்ரிலின் இடத்துக்கு வந்த சாக்குபிட்ரில்-வல்சார்ட்டன். 2019இல், சர்க்கரை நோய் மாத்திரையாக வந்த டாபாக்ளிஃப்ளோசின் சர்க்கரை இல்லாதவரின் இதயத்துக்கும் உதவும் என்று காட்டிய டாபா-ஹெச்எஃப். பம்பிங் காக்கப்பட்டவர்களுக்கோ, தெளிவான பலன் காட்டிய முதல் பெரிய ஆய்வு 2021இல்தான் வந்தது. வகை தெரியாமல் ‘இதயச் செயலிழப்பு’ என்று மட்டும் எழுதி வைத்தால், இந்த ஆள் நான்கு மருந்தும் வாங்க வேண்டியவரா இல்லையா என்று அடுத்தவருக்குத் தெரியாது. தெரியாதபோது மருத்துவர்கள் இருப்பதைத் தொடர்வார்கள். என் தச்சர் மூன்று வருடமும் ராமிப்ரில், பிசோப்ரோலால் என்ற இரண்டு மருந்திலேயே இருந்தார். மற்ற இரண்டைத் தொடங்க ஒருவருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அவற்றுக்கு உரியவர் இவர் என்று எங்கேயும் சொல்லப்படவில்லை.

இங்கே பணம் எப்படிக் குறுக்கே வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2004இல் ஜிபிக்களுக்குப் புதிய ஒப்பந்தம் வந்தது. தரத்தை அளந்து அதற்கேற்பப் பணம் கொடுக்கும் திட்டம், நாங்கள் ‘குவாஃப்’ என்போம். 2006இல் இதயச் செயலிழப்புக்குத் தனிப் பிரிவு கிடைத்தது. பதிவேடு வைத்திருக்கிறாயா, எக்கோவிலோ நிபுணரிடமோ நோயை உறுதி செய்தாயா, இடது கீழறைச் சுருக்கம் குறைந்தவர்களுக்கு ராமிப்ரில் வகை மருந்து கொடுத்தாயா. நல்ல கேள்விகள். அந்தத் திட்டம் வராமல் இருந்திருந்தால் பாதிச் சர்ஜரிகளில் பதிவேடே இருந்திருக்காது என்பது என் எண்ணம். ஆனால் கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். அதில் சுருக்கம் குறைந்தவர் என்று கோட் போட்டவர்களை மட்டும்தான் எண்ணுவார்கள். வகை எழுதாமல் விட்டவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார். சர்ஜரிக்கு ஒரு பைசா நஷ்டமில்லை, சதவீதம் பிரமாதமாக இருக்கும். நஷ்டம் முழுக்க அந்த ஆளுக்கு. எங்கள் சர்ஜரியின் அட்டவணை ஒவ்வொரு வருடமும் பச்சையாக இருந்ததைப் பார்த்து நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன். பட்டியலில் இல்லாதவரைப் பற்றிப் பட்டியல் எதுவும் சொல்லாது என்பது எனக்கு உறைக்கவில்லை.

விடுபடுவது ஒரு பக்கம். இல்லாத நோயை எழுதி வைப்பது இன்னொரு பக்கம், அதையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பெண்மணி. இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிட்டார். அந்த மாத்திரை கணுக்காலை வீங்க வைக்கும் என்பது எல்லா மருத்துவருக்கும் தெரியும், எல்லா மருத்துவருக்கும் ஏதோ ஒரு நாள் மறக்கும். வீக்கத்துக்கு ஃபியூரோசமைடு எழுதினார்கள். நீர் மாத்திரை சாப்பிடுகிறாரே, காரணம் எழுதவில்லையே என்று வேறொருவர் பார்த்து ‘இதயச் செயலிழப்பு’ என்று நிரப்பினார். எக்கோ எடுக்கவில்லை, இரத்தத்தில் இதயத்தின் சுமையைக் காட்டும் என்டி-புரோபிஎன்பி பார்க்கவில்லை. ஒரு பக்கவிளைவு மாத்திரையாகி, மாத்திரை நோயாகி, நோய் ஆறு வருடம் ரெக்கார்டில் இருந்தது. பயணக் காப்பீட்டுக்கு அதிகப் பணம் கட்டினார். பேரன் கல்யாணத்துக்கு விமானம் ஏறலாமா என்று ஒவ்வொரு முறையும் பயந்து கேட்டார். அம்லோடிபினை மாற்றினோம், கால் வடிந்தது. எக்கோ இயல்பு. கோட்டை நீக்குவதற்குத்தான் அதிக நேரம் ஆனது. ஏனென்றால் அதற்குள் அது மருத்துவமனைக் கடிதங்களில் ‘முந்தைய நோய்கள்’ பட்டியலில் ஏறிவிட்டது. அங்கிருந்து திரும்பத் திரும்ப எங்களுக்கே வந்தது.

பஸ், லாரி ஓட்டுபவருக்கு இது சோற்றுப் பிரச்சினை. கனரக வாகன உரிமம் வைத்திருப்பவருக்கு இதயச் செயலிழப்பு என்றால் உரிம அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும், பம்பிங் 40க்குக் கீழே என்றால் ஓட்ட முடியாது. ஒருவரின் ரெக்கார்டில் அந்த வார்த்தையை எழுதும்போது அவருடைய வீட்டு வாடகையும் அதில் சேர்ந்திருக்கிறது.

கேள்விக்குறி பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கோட்டுக்குப் பக்கத்தில் நாமாக டைப் செய்ய ஒரு சிறு பெட்டி இருக்கும். பலரும் ‘இதயச் செயலிழப்பு’ என்ற கோட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு அந்தப் பெட்டியில் ஒரு கேள்விக்குறி போடுவார்கள். அல்லது ‘இல்லை என்று உறுதியானது’ என்று எழுதுவார்கள். மனிதர் படித்தால் புரியும். கணினி பெட்டியைப் பார்க்காது. அதற்கு அந்த ஆள் இதயச் செயலிழப்பு நோயாளி, சந்தேகமே இல்லாமல். சந்தேகத்துக்கென்று தனிக் கோட் இருக்கிறது. அதைத்தான் போட வேண்டும். பரிசோதனை முடிந்ததும் அதை முடித்துவைக்கவும் வேண்டும்.

எக்கோ ரிப்போர்ட்டை நோயாக மொழிபெயர்ப்பதிலும் இதே வழுக்கல். எழுபது வயதுக்காரர் ஒருவரின் ரிப்போர்ட்டில் ‘முதல் நிலை டயஸ்டாலிக் குறைபாடு’ என்று இருந்தால், வயதான இதயங்களில் அது மிகச் சாதாரணம். மூச்சு வாங்கல் இல்லை, வீக்கம் இல்லை, மாடிப்படி ஏறுகிறார் என்றால் அவருக்கு இதயச் செயலிழப்பு இல்லை. அதேபோல, பம்பிங் 38 என்று தற்செயலாகத் தெரிந்து, எந்தத் தொந்தரவும் இல்லாதவர் இருப்பார். அவருக்கு மருந்து வேண்டும், கண்காணிப்பு வேண்டும், ஆனால் அறிகுறி இல்லாதவரை இதயச் செயலிழப்பு என்று அழைக்கக் கூடாது. எக்கோ சொன்னதற்கு ஒரு கோட், நோயாளி படுவதற்கு ஒரு கோட். இரண்டையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுப்பது மருத்துவரின் வேலை. அதைக் கடிதம் பிரிக்கும் எழுத்தரின் தலையில் கட்டியது எங்கள் பெரிய தவறு. எங்கள் எழுத்தர் கெட்டிக்காரர், பதினைந்து வருட அனுபவம். ஆனால் ‘சுருங்குதிறன் மிதமாகக் குறைந்துள்ளது, மருத்துவ ரீதியாகச் சமநிலையில்’ என்ற வரியிலிருந்து நோயைப் பிரித்தெடுக்க அவரை யாரும் பழக்கவில்லை. புரியாதபோது அவர் பாதுகாப்பானதைப் போட்டார்: ‘எக்கோ கார்டியோகிராம்.’ அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

‘குணமாகிவிட்டது’ என்ற கோட் எனக்கு எல்லாவற்றையும்விட அதிக பயம் தருவது. நல்ல மருந்துகளால் பம்பிங் 25இலிருந்து 55க்கு ஏறியவர்கள் இப்போது நிறைய. எக்கோ ரிப்போர்ட் ‘இயல்பு’ என்று வரும். மகிழ்ச்சியில் ‘இதயச் செயலிழப்பு தீர்ந்தது’ என்று கோட் போட்டுவிடுவோம். பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கும், வருடாந்தர அழைப்பு நிற்கும், இரண்டு வருடம் கழித்து ஒருவர், இவருக்கு எதற்கு இத்தனை மாத்திரை என்று ஒவ்வொன்றாக நிறுத்துவார். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை லண்டனிலேயே ஆய்ந்திருக்கிறார்கள். ட்ரெட்-ஹெச்எஃப் என்ற சிறிய ஆய்வு, 2018 இறுதியில் வெளியானது. இதயத் தசை விரிந்து பலவீனமாகி, பிறகு மருந்தால் மீண்டவர்கள் 51 பேர். மருந்தை மெல்ல நிறுத்திய 25 பேரில் 11 பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. மீண்ட இதயம் மருந்தால் தாங்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ‘பம்பிங் மேம்பட்ட இதயச் செயலிழப்பு’ என்று எழுதி, பழைய நோயின் பெயரைச் சுருக்கத்தில் வைத்திருக்க வேண்டும். தப்பாக எழுதப்பட்ட நோயை நீக்கலாம், நீக்க வேண்டும். கட்டுக்குள் வந்த நோயை நீக்கக் கூடாது. இரண்டும் திரையில் ஒரே பொத்தான்.

இன்னொரு நாள் வேறு விதமாக விழித்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடமாக இங்கே இருக்கும் அம்மா ஒருவர். சர்க்கரை, அழுத்தம், மூச்சு வாங்கல். பரிசோதனையெல்லாம் முடிந்து, பம்பிங் காக்கப்பட்ட வகை என்று கிளினிக்கிலிருந்து கடிதம். இந்த முறை மிகச் சரியாக, வகையோடு, தேதியோடு கோட் போட்டேன். திருப்தியாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு மகளோடு வந்துவிட்டார்.

“பிள்ளை, எனக்கு ஹாட் ஃபெயிலாம். இவள் ஃபோனில பாத்திட்டு இரவு முழுக்க அழுதவள்.”

நோயாளிகள் தங்கள் ரெக்கார்டை என்ஹெச்எஸ் செயலியில் பார்க்கலாம் என்பது எனக்குத் தெரியாததல்ல. நான் போட்ட கோட் அன்று மாலையே அந்தப் பெண்ணின் கைக்குப் போய்விட்டது. விளக்கம் சொல்ல யாரும் இல்லாமல்.

“அம்மா, இதயம் நின்னு போகலை. நல்லாத்தான் சுருங்குது. ஆனா விறைச்சுப் போயிருக்கு, இரத்தம் உள்ளே வரும்போது தளர்ந்து கொடுக்க மாட்டேங்குது. அதான் மூச்சு வாங்குது.”

“அப்ப ஏன் ஃபெயில் எண்டு எழுதினவை?”

என்னிடம் பதில் இல்லை. ஆங்கிலத்திலேயே அது கொடுமையான பெயர். தமிழில் ‘இதயச் செயலிழப்பு’ என்றால் இதயம் செயலை இழந்தேவிட்டது. பலர் அதை மாரடைப்போடு குழப்பிக்கொள்கிறார்கள். மாரடைப்பு என்பது இரத்தக் குழாய் அடைத்துத் தசை சாவது, ஒரு சம்பவம். இது வருடக்கணக்கில் கூடவே வாழ வேண்டிய நிலைமை. வீட்டில் ‘இதயம் பலவீனம்’ என்கிறார்கள். ‘நீர் கோத்திருக்கு’ என்கிறார்கள். மருத்துவமொழிக்கு அவை போதாது, ஆனால் மனிதரிடம் முதலில் பேச அவைதான் நல்ல சொற்கள். அந்த அம்மாவுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினேன். தினமும் எடை பார்க்கச் சொன்னேன், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் கூப்பிடச் சொன்னேன். கருவாட்டைக் குறைக்கச் சொன்னபோதுதான் முகம் வாடியது.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்டிருக்கும் ஒழுங்கு: இந்த நோயின் பெயரை நோயாளி ஒரு மனிதரின் வாயிலிருந்து கேட்ட பிறகுதான் கணினியில் ஏற்றுவேன். அன்றைக்கே பேச முடியாவிட்டால் நர்ஸாவது தொலைபேசியில் பேசிவிடுவார். ஒரு நாள் தாமதமானால் குடிமுழுகாது. ஒரு மாதமானால் முழுகும், ஆகையால் அதற்கு ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம்.

தச்சரின் விஷயத்துக்குப் பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்க, வாரத்தில் இரண்டு மாலை, நானும் எங்கள் மருந்தாளரும் தேடினோம். தேடல் ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஃபியூரோசமைடு அல்லது பியூமெட்டனைடு சாப்பிடுகிறவர், இதயச் செயலிழப்புக் கோட் இல்லை. என்டி-புரோபிஎன்பி 400க்கு மேல், அதன் பிறகு எக்கோ இல்லை. (400இலிருந்து 2000 வரை ஆறு வாரத்துக்குள்ளும், அதற்கு மேல் இரண்டு வாரத்துக்குள்ளும் நிபுணரும் எக்கோவும் என்பது இங்கே தேசிய வழிகாட்டுதலின் கெடு.) பிசோப்ரோலாலும் ஸ்பைரோனோலாக்டோனும் சேர்ந்து சாப்பிடுகிறவர், காரணம் எழுதப்படவில்லை. பதிவேட்டில் இருக்கிறார், எக்கோவே இல்லை. பதிவேட்டில் இருக்கிறார், வகை இல்லை. இந்தக் கடைசிப் பட்டியல்தான் மிக நீளமானது.

ஒவ்வொரு பெயருக்கும் பழைய கடிதங்களைத் திறந்து படிக்க வேண்டியிருந்தது. சலிப்பான வேலைதான், மறுக்க மாட்டேன். ஆனால் படிக்கப் படிக்க, எத்தனை நிபுணர்கள் எத்தனை கவனமாக எழுதியிருக்கிறார்கள் என்று வியப்பாக இருந்தது. பம்பிங் அளவு, வால்வு நிலைமை, எந்த மருந்தை எப்போது ஏற்ற வேண்டும், எல்லாம் இருந்தது. அவர்கள் எங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் அதை ஸ்கேன் செய்து உள்ளே பூட்டி வைத்துவிட்டோம். சில ரெக்கார்டுகளில் கோட் சரியாகவே இருந்தும் பயனில்லை. ‘சிறிய பிரச்சினை’ என்று வகைப்படுத்தியிருந்ததால், குறித்த காலம் கழிந்ததும் சளி, இருமலோடு சேர்ந்து பழைய பட்டியலுக்குப் போய்விட்டது. இதயச் செயலிழப்பு, சென்ற மாதத்துத் தொண்டை வலிக்குக் கீழே.

தேதி பற்றியும் அப்போதுதான் கற்றேன். கடிதம் வந்த அன்று கோட் போட்டால் கணினி அன்றைய தேதியை எடுத்துக்கொள்ளும். நோய் கண்டுபிடிக்கப்பட்டது நான்கு வருடம் முன்பாக இருக்கலாம். ஒரு தேதியில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடுவோம். ஆனால் இந்த நாட்டில் இதய நோய் பற்றிய பல பெரிய ஆய்வுகள் ஜிபி ரெக்கார்டுகளிலிருந்து பெயர் நீக்கி எடுத்த கோட்களை வைத்துத்தான் நடக்கின்றன. 1987இலிருந்து அப்படிச் சேர்த்து வரும் தரவுத்தளமே இருக்கிறது. நோய் வந்தபின் எத்தனை வருடம் வாழ்கிறார்கள், மருந்து தொடங்க எத்தனை மாதமாகிறது என்பதையெல்லாம் ஆய்வாளர் எங்கள் தேதியை நம்பித்தான் கணக்கிடுகிறார்.

இப்போது எங்கள் சர்ஜரியில் எக்கோ என்ற சொல் உள்ள ஒவ்வொரு கடிதமும் ஒரு மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ வந்தே தீரும். எழுத்தர் பம்பிங் எண்ணைத் தனியாக ஏற்றுவார், நோயின் பெயரை நாங்கள் போடுவோம். கடிதத்தின் ஓரத்தில் ‘பார்த்தேன்’ என்று மட்டும் குறிப்பதை நிறுத்திவிட்டேன். என்ன கோட், எந்த வகை, எந்தத் தேதி, நோயாளிக்குத் தெரியுமா என்ற நான்கையும் எழுதுகிறேன். மருத்துவமனைக்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொண்டோம், சிலர் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள்: நோயின் பெயரையும் வகையையும் கடிதத்தின் முதல் வரியில் வையுங்கள், இரண்டாம் பக்கத்தில் வேண்டாம்.

தச்சர் மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு நானே கூப்பிட்டு உட்கார வைத்தேன். மூன்று வருடம் முன்பு வந்த கடிதத்தைத் திரையில் காட்டி, அதில் இருந்ததையும், நான் செய்யாததையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் மனைவி கடிதத்தை இரண்டு முறை படித்தார். அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, இது இத்தனை நாளும் இங்கேயே இருந்ததா என்றார். ஆமாம் என்றேன்.

அவர்கள் முன்னாலேயே கோட் போட்டேன். பம்பிங் குறைந்த வகை இதயச் செயலிழப்பு. முக்கியமான, நடப்புப் பிரச்சினை. தேதி, அந்த எக்கோ எடுத்த நாள். அதற்கும் டாபாக்ளிஃப்ளோசின் முதன்முதலில் எழுதப்பட்ட நாளுக்கும் நடுவில் உள்ள மூன்று வருட வெற்றிடம் இனி ரெக்கார்டைத் திறக்கும் எவருக்கும் தெரியும். தேதியை மாற்றிப் போட்டிருந்தால் தெரிந்திருக்காது. அப்படிப் போட எனக்கு மனம் வரவில்லை.

எழுந்திருக்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டார். அதற்காகத்தானே அன்று வந்தார், அது இன்னும் அப்படியே இருக்கிறது. மறுபடி உட்கார வைத்து முழங்காலைப் பார்த்தேன்.